தட்டில் இரண்டு கத்திகள்

நீதிமன்ற வாசலில் பிளாஸ்டிக் தட்டை நீட்டினான்
காவலாளி ப்ரெய்ஷோ.
சாவி, சில்லறை, பாதி தீர்ந்த மிட்டாய்ச் சுருள்,
கடைசியாகக் கால்சட்டைப் பையின் அடியிலிருந்து
மடங்கிக் கிடந்த அது.
விரித்துப் பார்த்தான்.
பருந்தின் அலகுபோல் உள்நோக்கி வளைந்த இரும்பு.
"எதற்கம்மா இது?"

எதற்கா?

மிதவையில் நின்று கயிற்றைத் தூக்கிப் பார், தம்பி,
பன்னிரண்டு மீட்டருக்கு மட்டி அப்பியிருக்கும்.
சுற்றிய வலையைக் கிழிக்க வேண்டும்,
கயிற்றின் மேல் கீறல் விழக் கூடாது.
நேர்கத்தி வழுக்கும்.
அலை ஒரு குலுக்குக் குலுக்கினால்
எங்கே போய் நிற்போம் என்று அதற்கே தெரியாது.
இது முதலில் பிடித்துக்கொள்ளும்,
பிறகுதான் அறுக்கும்.
நான் இழுத்தால் போதும்.

செப்டம்பரில் திராட்சை.
கருங்கல் தூண்களின் பந்தலுக்கடியில் அண்ணாந்து
இடது கையில் குலையை ஏந்திக்கொண்டால்
வலது கைக்குக் கண் வேண்டாம்.
வளைவே காம்பைத் தேடிப் போகும்.

சமையலறைக்கு லினோலியம் விரித்தது இதனால்தான்,
அடுப்பின் கால்களைச் சுற்றி, குழாயின் கழுத்தைச் சுற்றி.
மீன்தீவனச் சாக்கு, மின்கம்பியின் தோல்,
நாயின் காதுக்குப் பின்னால் சடைபிடித்த முடி,
சூரிக்கிலிருந்து மைத்துனி அனுப்பும் பெட்டிகள்
(அவள் ஒட்டும் டேப்பைப் பார்த்தால்
உள்ளே தங்கம் இருக்கிறது என்று நினைப்பாய்;
காலுறைகள்தான்).
ஒரு ஜனவரியில் படகின் விசிறியில் நைலான் சுற்றிக்கொண்டது.
தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டேன்.
விரல்கள் மரத்துப்போயின,
இதற்கு மரக்கவில்லை.

ரொட்டிக்கு உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.
வெண்ணெய் தடவப் போனால் மானத்தை வாங்கும்.

இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நின்றது.
"வேலைக்கு" என்றேன்.
"குத்த முடியுமா இதால்?"
"குத்துகிற முனை எதிரே நிற்பவனைப் பார்க்கும்.
இது என்னைத்தான் பார்க்கிறது."
சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்தான்.
பிறகு தட்டைத் தள்ளினான்.
அதே அலகு, அதே மரப்பிடி,
இன்னொன்று அங்கே ஏற்கெனவே கிடந்தது.

அண்ணன் எலாதியோ எனக்கு முன்பே வந்துவிட்டான்.

ஒரே கடை, ஒரே நாள்,
இரண்டு வாங்கினால் விலை குறைவு என்று
அவன்தான் எனக்கும் சேர்த்து வாங்கினான்.
அப்போது நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

உள்ளே பதினோரு வரிசைக் கொடிகள்
ஒரு தாளின் மேல் கிடந்தன.
வக்கீல் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்,
பிறகு அழித்தார், பிறகு
சற்று இடப்பக்கம் தள்ளி இழுத்தார்.
ஆறாவது வரிசை யாருக்கு என்பதில்
ஒரு மணி நேரம் போயிற்று.
அண்ணன் ஜன்னலைப் பார்த்தான்.
நான் அவன் சட்டைக் காலரைப் பார்த்தேன்,
யாரும் தேய்த்துக் கொடுக்காத காலர்.
வழக்கு மே மாதத்துக்குப் போனது.

வெளியே மழை.
ப்ரெய்ஷோ போனில் பேசிக்கொண்டே தட்டை நீட்டினான்.
சாவி, சில்லறை, கத்தி.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படித்துறைக்கு நடந்தேன்.

மறுநாள் விடியலில் மிதவையில்
முதல் கயிறு மேலே வந்தது.
என் கத்தியைத் திறக்கக் கட்டைவிரலோடு மல்லுக்கட்ட வேண்டும்,
கீலில் உப்பு ஏறி வருடமாகிறது.
இது தொட்டதும் திறந்தது.
வலையில் வைத்தேன்,
நான் இழுப்பதற்கு முன்பே போயிற்று.
பிடியைத் திருப்பிப் பார்த்தேன்.
நான் சுற்றிய நீல டேப் இல்லை.

தீட்டுவதில் அவனுக்கு எப்போதும் பொறுமை உண்டு.

இந்நேரம் அவன் கொட்டகையில்
கொடிகளைக் கட்டிய நாரை அறுக்க
என்னுடையதைத் திறந்துகொண்டிருப்பான்,
திறக்காது,
என் பெயரைச் சொல்லித் திட்டுவான்,
இரண்டு வருடத்துக்குப் பிறகு
என் பெயரை.

இன்னும் நாற்பது கயிறுகள் இருந்தன.
எல்லாவற்றையும் அவன் கத்தியாலேயே முடித்தேன்.
நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து,
கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு,
மடக்கினேன்.